கீழ்மன்றங்களின் மேன்மை

சென்னை மாநகரின் மேற்குப் புறத்தில், அம்பத்தூரை அடுத்து அமைந்துள்ளது கள்ளிக்குப்பம். கள்ளி என்பது வறண்ட நிலத்தில் தானே வளரும் செடி. குப்பம் என்பது சிற்றூர். இவ்விரு சொற்களும் கூடிய பெயரே அவ்வூரின் பழைய எளிமையைப் புலப்படுத்துகின்றது. இன்றோ அது சிற்றூர் அன்று. 2011-ஆம் ஆண்டில் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது, கள்ளிக்குப்பமும் மாநகரின் ஒரு பகுதியாயிற்று. வெளியாய்க் கிடந்த நிலம் மனைகளாய்ப் பிரிந்தது. மனைதோறும் வீடுகள் எழுந்தன. நிலத்தின் விலை ஏற ஏற, ஒரு முழ நிலமும் பொன்னினும் அரிதாயிற்று.

இத்தகைய இடத்தில் ஓர் எளிய குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். குடும்பத் தலைவர் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளால் ஒரு மனை வாங்கினார். மழைக்காலம் கழிந்தபின் ஒருநாள் சென்று நோக்கினார். அடுத்த மனைக்காரர் தம் மதிலை மூன்றடி தள்ளி எழுப்பிக்கொண்டிருந்தார். 'இது முறையோ?' என்று கேட்டதற்கு, 'அளவு அப்படித்தான் இருக்கிறது. முடிந்ததைப் பாரும்' என்ற விடையே கிடைத்தது. இனி அவர் என் செய்வார்? ஆள் வலிமை உடையவராயின் ஆட்களைத் திரட்டுவார். பெரியோர் தொடர்பு உடையவராயின் அவர்தம் வாயிலை நாடுவார். இரண்டும் இல்லாத எளியவர்க்கு எஞ்சிய புகலிடம் ஒன்றே. அதுவே நீதிமன்றம்.

அவர் நாடிச் செல்வது புதுதில்லியில் உள்ள உச்ச நீதிமன்றம் அன்று. சென்னைக் கடற்கரையை அடுத்து மாடமும் கோபுரமுமாய்ச் செந்நிறம் பூண்டு நிற்கும் உயர் நீதிமன்றமும் அன்று. அம்பத்தூரிலேயே உள்ள மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தின் படியைத்தான் அவர் மிதிப்பார். முன்சீப் கோர்ட்டு என்று மக்கள் வழங்குவது அதுவே. அதற்கு மேல் சார்பு நீதிமன்றமும், அதற்கும் மேல் மாவட்ட நீதிமன்றமும் உள்ளன. குற்ற வழக்குகளுக்கு நீதித்துறை நடுவர் மன்றமும், அதற்கு மேல் அமர்வு நீதிமன்றமும் உண்டு. இவை அனைத்தையும் கீழ்மன்றங்கள் என்று கூறுதல் வழக்கம். கீழ் என்பது வரிசையால் வந்த பெயரேயன்றித் தகுதியால் வந்த பெயர் அன்று.

இதன் காரணத்தை மாணவர்கள் நன்கு உணர்தல் வேண்டும். மேல்மன்றங்கள் பெரும்பாலும் ஏடுகளைப் பார்த்தே முடிவு கூறுகின்றன. விசாரணை மன்றமோ மனிதரைப் பார்க்கின்றது. சாட்சி கூண்டில் ஏறி நிற்பது இங்கே. அவன் தடுமாறுவதும் தெளிவதும் இங்கே. பத்திரத்தில் உள்ள கையெழுத்து மெய்யோ பொய்யோ என்று ஆராயப்படுவதும் இங்கே. இங்கே பதியப்பட்ட சான்றே மேன்முறையீடு செல்லும் வழியெல்லாம் உடன்செல்லும். அடிப்படையில் ஒரு கல் சாய்ந்தால் கோபுரம் முழுவதும் சாயும் அன்றோ? மேலும், மேல்முறையீட்டிற்கு வேண்டிய பொருளும் பொறுமையும் எளியவர் பலரிடம் இல்லை. அவர்களுக்கு முதல் மன்றமே முடிவான மன்றம். ஆதலின் ஒரு நாட்டின் நீதி எத்தகையது என்பதை அதன் உச்ச மன்றத்தைக் கண்டு அறிவதைவிட, அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் உள்ள மன்றங்களைக் கண்டு அறிவதே பொருத்தமாகும்.

அறம் கூறும் அவைகள் தமிழர்க்குப் புதியன அல்ல. மதுரை நகரில் இருந்த அறங்கூறவையத்தை மதுரைக்காஞ்சி எடுத்துரைக்கின்றது. திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று போற்றப்படும் மனுநீதிச் சோழனின் சிலை, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கின்றது. எனினும் அப்பழங்கதைகளில் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. ஆள்பவனும் அறம் கூறுபவனும் ஆங்கு ஒருவனே. அரசன் நல்லவனாயின் நீதி நிலைக்கும். அவன் தவறினால் முறையிட வேறு இடம் இல்லை. பாண்டியன் தவறியபோது கண்ணகி முறையிட்டதும் அப்பாண்டியனிடமேயன்றோ?

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இக்குறை முற்றும் நீங்கவில்லை. வரி தண்டும் கலெக்டரே குற்றவியல் அதிகாரமும் உடையவராய் இருந்தார். வரி கட்டாதவனைப் பிடிக்கும் கையும், அவனைத் தண்டிக்கும் கையும் ஒரே உடலின் இரு கைகளாய் இருந்தன. இது முறையன்று என்று நாட்டுத் தலைவர்கள் நெடுங்காலம் வாதாடினர். விடுதலைக்குப்பின், 1949-ஆம் ஆண்டு முதல் சென்னை மாநிலத்தில் நீதித்துறையை ஆட்சித்துறையினின்றும் பிரிக்கும் பணி படிப்படியாக நடந்தது. 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு, தன் 50-ஆம் பிரிவில் இப்பிரிவினையை அரசின் கடமையாக வகுத்தது. 235-ஆம் பிரிவில், கீழ்மன்றங்களின்மீது உள்ள கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. கீழ்மன்ற நீதிபதி ஒருவரை எந்த ஊருக்கு மாற்றுவது, யாருக்குப் பதவி உயர்வு அளிப்பது என்பவற்றில் அமைச்சரோ மாவட்ட ஆட்சியரோ கைந்நீட்ட இயலாதவாறு அமைந்த வேலி இது.

இவ்வேலி ஏன் வேண்டும் என்பதற்கு நீதிபதி தி. முத்துசாமி ஐயரின் வரலாறு சான்றாகும். 1832-ஆம் ஆண்டில் வறிய குடும்பத்தில் தோன்றிய அவர், இளமையில் மாதம் ஒரு ரூபாய் ஊதியத்திற்குக் கிராமக் கணக்கு வேலை பார்த்தவர். தம் முயற்சியால் கற்றுத் தேர்ந்து மாவட்ட முன்சீப்பும் ஆனார். பின்னர்ச் சென்னையில் போலீஸ் மாஜிஸ்டிரேட்டாக அமர்ந்தார். அப்போது, தம் வீட்டு வளவில் நுழைந்த இந்தியர் ஒருவரை அடித்ததாக ஐரோப்பியர் ஒருவர்மீது முறையீடு வந்தது. அடித்தவரோ உயர் நீதிமன்ற நீதிபதி! அவரை நேரில் வருமாறு அழைத்தல் வேண்டாம் என்று மேலதிகாரி தடுத்தும் கேளாமல், முத்துசாமி ஐயர் அவரை மன்றத்திற்கு வரவழைத்துத் தண்டமும் விதித்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். சிறிய மன்றத்தில் இருந்தார். ஆயினும் பெரிய நீதி செய்தார். பிற்காலத்தில் அவரே சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். அவர் சிலை அங்கே காலணியின்றி அமர்ந்த கோலத்தில் விளங்குகின்றது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆசிரியர் என்றே அவரைப் பலர் அறிவர். அவர் தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்து தீர்ப்பு வழங்கியவர். சட்டம் ஆங்கிலம் அறிந்தோர்க்கே உரியதாய் இருத்தல் தகாது என்று கருதி, மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் ஆக்கி வெளியிட்டார். தமிழ்நாட்டு மன்றத்தில், தமிழர் வழக்கில், தமிழ் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடுவதன் பொருந்தாமையைத் தம் புதினத்திலும் எடுத்துக்காட்டினார். வழக்காடுவோனுக்குத் தன் வழக்கு விளங்க வேண்டும் என்னும் அவர் எண்ணம், கீழ்மன்றங்களில் தமிழ் வழங்கும் இந்நாளில் பெரிதும் நிறைவேறியுள்ளது.

நேர்மையுடைய நீதிபதி ஒருவர் அமர்ந்துவிட்டால் மட்டும் நீதிமன்றம் நடந்துவிடுமா? நடவாது. கள்ளிக்குப்பத்து மனைக்காரரின் வழக்கையே தொடர்ந்து நோக்குவோம். அவர் மனு கொடுத்ததும் அதனைச் சரிபார்த்து எண்ணிட்டுப் பதிய எழுத்தர் வேண்டும். எதிரிக்கு அழைப்பாணையைக் கொண்டுசேர்க்க அமீனா வேண்டும். நிலத்தை நேரில் அளந்து அறிக்கை தர ஆணையர் வேண்டும். சாட்சி சொல்வதை அப்போதே எழுத்தில் ஏற்றத் தட்டச்சர் வேண்டும். பல ஆண்டுக் கட்டுகளை ஈரமும் கரையானும் அணுகாமல் காக்கப் பதிவறை வேண்டும். தீர்ப்பு வந்தபின் அதன் நகல் விரைந்து கிடைக்க வேண்டும். தீர்ப்பை நிறைவேற்றி மதிலை அகற்ற மீண்டும் அமீனா வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வழக்கு நின்றுவிடும். அமீனா பணியிடம் காலியாக இருந்தால் அழைப்பாணை சேராது. அழைப்பாணை சேராவிடின் 'வாய்தா'. தட்டச்சர் இல்லையெனின் மற்றொரு வாய்தா. நீதிபதி மாறிச் சென்று அவ்விடம் நிரம்பாவிடின் வாய்தாவின்மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவ்வுழைப்பாளி ஒருநாள் கூலியை இழக்கின்றார். எதிரியின் மதிலோ ஒருநாள் பழமை பெறுகின்றது. காலம் தாழ்த்தும் மன்றம், தான் அறியாமலே வலியவன் பக்கம் சாய்ந்துவிடுகின்றது.

இத்தனைக்கும் பொருள் வேண்டும். அப்பொருள் எங்கிருந்து வருகின்றது என்பதே அடுத்த வினா.

வழக்காடுவோர் செலுத்தும் நீதிமன்றக் கட்டணம் ஒரு வழி. தமிழ்நாட்டில் இதனை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. பணம் பெறுவதற்காகத் தொடுக்கும் வழக்குகளில், முன்னர் நூற்றுக்கு ஏழரை வீதம் கட்டணம் இருந்தது. 2017-ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு மூன்றாகக் குறைந்தது. அதாவது, ஒரு லட்சம் ரூபாய் கேட்டு வழக்கிடுபவர் 7,500 ரூபாய் கட்டிவந்த இடத்தில் 3,000 ரூபாய் கட்டினால் போதும் என்றாயிற்று. 'நீதிமன்றம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளலாகாதா? கட்டணத்தை ஏன் குறைத்தல் வேண்டும்?' என்று சிலர் வினவக்கூடும். அவ்வாறு ஈட்டப் புகுந்தால் வரும் கேட்டைப் பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்று உணர்த்தும். அமெரிக்க நாட்டில், மிசௌரி மாநிலத்தில், பெர்கூசன் என்னும் சிறுநகர் ஒன்று உண்டு. அந்நகரின் மன்றம் நீதியைவிட வருவாயையே முதன்மையாகக் கருதிச் சிறு பிழைகளுக்கும் தண்டம் மேல் தண்டம் விதித்து, கறுப்பின மக்களைப் பெரிதும் வருத்தியதை அமெரிக்க நீதித்துறை 2015-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளிப்படுத்தியது. தராசு பிடிக்கும் கையே கல்லாப் பெட்டியையும் தொட்டால் முள் நேர் நில்லாது. ஆதலின் நீதிமன்றச் செலவைப் பொதுமக்கள் அனைவரும் தம் வரியால் தாங்குதலே அறமாகும். வழக்கே இல்லாதவனும் அதற்கு வரி தரலாமோ எனின், தரலாம். மன்றம் ஒன்று உண்டு என்னும் அச்சத்தால் அன்றோ அவன் மனையில் யாரும் மதில் எழுப்பாமல் இருக்கின்றனர்?

ஆயின் இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. பொதுப்பணம் அரசின் கையில் உள்ளது. நீதிமன்றத்திற்கு வாளும் இல்லை, பணப்பையும் இல்லை, தீர்ப்புக் கூறும் திறன் ஒன்றே உண்டு என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் அலெக்சாண்டர் ஆமில்ட்டன் 1788-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். நம் நாட்டிலோ மன்றங்களில் மிகுதியாக வழக்காடுவது அரசே. நிலம் எடுப்பதிலும், வரி விதிப்பதிலும், பணியாளரை நீக்குவதிலும் அரசு ஒரு கட்சிக்காரனாய் வந்து நிற்கின்றது. கட்சிக்காரன் கையில் நீதிபதியின் குடியிருப்பும் ஊதியமும் இருந்தால், நீதிபதி அஞ்சாமல் இருப்பது எங்ஙனம்?

அரசமைப்பை ஆக்கியோர் இதனை எண்ணாமல் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியமும், அம்மன்றத்தின் நிருவாகச் செலவும் மாநிலத் தொகுநிதியின்மீது நேராகச் சாற்றப்பட்டவை. அவற்றைச் சட்டமன்றம் விவாதிக்கலாமேயன்றி வாக்கெடுப்பால் மறுத்தல் இயலாது. கீழ்மன்றங்களுக்கோ இக்காப்பு இல்லை. அவற்றின் செலவு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் கேட்பதுபோலவே, ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையாய்ச் சட்டமன்றத்தின்முன் வைக்கப்பட்டு வாக்கெடுப்பால் நிறைவேறுகின்றது. கீழ்மன்ற நீதிபதியை ஆளும் அதிகாரம் உயர் நீதிமன்றத்தில். அவர் அமரும் நாற்காலிக்குப் பொருள் அரசிடத்தில். ஒரு வண்டிக்குக் கடிவாளம் ஒருவர் கையிலும் தீவனம் மற்றொருவர் கையிலுமாய் இருப்பது போன்றது இது.

இந்நிலையில் 1989-ஆம் ஆண்டில் அகில இந்திய நீதிபதிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பிறர் வழக்கைத் தீர்ப்பவர்களே வழக்காளிகளாய் வந்து நின்ற புதுமை அது. 1991-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் உச்ச நீதிமன்றம், கீழ்மன்ற நீதிபதிகளுக்குக் குடியிருப்பு, நூல் வசதி, ஊர்தி முதலியன அளிக்குமாறு ஆணையிட்டது. அரசுகள் மறுஆய்வு வேண்டின. பொருட்சுமை தாங்கவொண்ணாதது என்றன. ஏனைய அரசுப் பணியாளரும் இவற்றைக் கேட்பார்களே என்றும் கூறின. 1993-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தக்க விடை அளித்தது. நீதிபதிகள் வெறும் பணியாளர் அல்லர். அமைச்சரும் சட்டமன்ற உறுப்பினரும் போல, அரசின் இறைமையில் ஒரு கூற்றைச் செலுத்துவோர் என்பது அதன் கருத்து. அதன்பின் நீதிபதி கே. ஜெகந்நாத ஷெட்டியின் தலைமையில் 1996-ஆம் ஆண்டில் ஊதியக் குழு அமைந்து, 1999-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது.

ஊதியம் மட்டும் உயர்ந்தால் போதாது. நீதிபதிகளின் தொகையும் உயர்தல் வேண்டும். பத்து லட்சம் மக்களுக்குப் பத்து நீதிபதிகள் என்ற அளவிலேயே நாடு உள்ளது என்றும், அதனை ஐம்பதாக்குதல் வேண்டும் என்றும் சட்ட ஆணையம் 1987-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. 2002-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உச்ச நீதிமன்றமும் அவ்வெண்ணையே இலக்காக வைத்தது. ஆண்டுகள் பல சென்றும் அவ்விலக்கு இன்னும் எட்டப்படவில்லை. மன்றக் கட்டடங்களுக்காக 1993-94 முதல் மைய அரசும் உதவி வருகின்றது. இப்போது தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அத்திட்டத்தின் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கு மைய அரசினுடையது. நாற்பது பங்கு மாநிலத்தினுடையது. எனினும் நாடெங்கும் கீழ்மன்றங்களில் நான்கு கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. அவை வெறும் எண்கள் அல்ல. ஒவ்வொரு கட்டிற்குள்ளும் ஒரு வீடோ, ஒரு மனையோ, ஒரு மகளின் சீரோ, விசாரணை முடியாமல் சிறையில் காத்திருக்கும் ஒரு மகனோ இருத்தல் கூடும்.

இங்கே மற்றொரு பக்கத்தையும் எண்ணுதல் நடுவுநிலைமையாகும். அரசின் பணம் மக்களின் பணம். கேட்டதெல்லாம் கொடுத்தல் எந்த அரசுக்கும் இயலாது. ஒரு மன்றத்திற்குக் கொடுக்கும் பொருள், ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ குறையலாம். நீதிமன்றமும் தனக்கு அளித்த பொருளுக்குக் கணக்குக் காட்டவே வேண்டும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பள்ளி வேண்டும் என்று ஊரார் திரண்டு கேட்பர். சாலை வேண்டும் என்று தேர்தலில் கேட்பர். 'எங்கள் நீதிமன்றத்தில் அமீனா இல்லை' என்று எந்த ஊரும் ஊர்வலம் போவதில்லை. வழக்குடையவர் தனித்தனியே வருந்துகின்றனர். வழக்கில்லாதவர் அதனை நினைப்பதே இல்லை. கேட்பாரற்ற இடத்தில் பொருள் எவ்வாறு வந்து சேரும்?

ஆதலின் குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் இதில் கடமை உண்டு. அழைப்பாணை வந்தால் அஞ்சி ஒளியாமல் சென்று உண்மை உரைத்தல் வேண்டும். வெல்வதற்காக அன்றி எதிரியை வருத்துவதற்காக வழக்கிடுதல் கூடாது. பொருளில்லாதவர்க்கு இலவசச் சட்ட உதவி தரும் குழுக்கள் வட்டந்தோறும் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்டிரும் சிறாரும் வருமான வரம்பின்றி அவ்வுதவியைப் பெறலாம். அதனை அறியாதவர்க்கு அறிவித்தல் கற்றவர் கடன். சட்டமன்றத்திற்குச் செல்லும் உறுப்பினரிடம், சாலையையும் குடிநீரையும் கேட்கும்போது நீதிமன்றத்தையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

கள்ளிக்குப்பத்து உழைப்பாளிக்குத் தம் வழக்கில் வெற்றியே கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. அளந்து பார்க்குங்கால் அம்மூன்றடி எதிரியுடையதாகவே இருத்தலும் கூடும். அவர் வேண்டுவது, அஞ்சாத ஒருவர் இருபக்கமும் கேட்டு, காலத்தே ஒரு முடிவு கூறுதல் ஒன்றே. அதனை அவருக்கு ஒரு நாடு கொடுக்குமாயின் அந்நாட்டில் செங்கோல் வளையவில்லை எனலாம். பண்டை நாளில் செங்கோல் அரசன் ஒருவன் கையில் இருந்தது. இந்நாளில் அது மக்கள் அனைவர் கையிலும் உள்ளது. அதனை நேராக நிறுத்தும் செலவும் மக்களுடையதே.

பயிற்சி வினாக்கள்

1. கீழ்மன்றங்கள் வரிசையால் கீழாயினும் தகுதியால் கீழ் அல்ல என்று ஆசிரியர் கூறுவதற்குரிய காரணங்கள் யாவை?

2. நீதிமன்றம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளுதல் ஏன் தகாது? தக்க எடுத்துக்காட்டுடன் விளக்குக.

3. உயர் நீதிமன்றத்தின் செலவிற்கும் கீழ்மன்றங்களின் செலவிற்கும் அரசமைப்பில் உள்ள வேறுபாடு யாது?

4. 'காலம் தாழ்த்தும் மன்றம், தான் அறியாமலே வலியவன் பக்கம் சாய்ந்துவிடுகின்றது' – இக்கருத்தை உம் ஊர் நிகழ்ச்சிகளோடு பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.